ஐந்தரைக் கட்டைக் குரல்

“நாற்பத்தெட்டு வயசில பாட்டு வருமே, ரீச்சர்?”

“வரும்.”

“கோயில்ல எல்லாரும் பாடேக்க வாயை மட்டும் ஆட்டுற ஆள் நான். சத்தம் வெளிய வராது.”

“இனி வரும். வராட்டி நான் விடமாட்டன்.”

“விடமாட்டியளோ? பிறகு பேச்சு மாறக்கூடாது, சொல்லிப்போட்டன்.”

மார்த்தா அக்கா சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தார். பள்ளிமுனையில் என் வீட்டு வாசலில் நின்று நாங்கள் பேசிய பேச்சு இது. அதற்கு முன் அவரை எனக்குத் தெரியாது. தோட்டவெளியில் தையல் வேலை செய்கிறவர் என்று சொன்னார். மகள் கிருசாந்தினிக்கு செப்டம்பர் மாதக் கடைசிச் சனிக்கிழமை கலியாணம். பூசையில் நற்கருணைக்குப் பிறகு அம்மா ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று மகள் கேட்டுவிட்டாளாம். நகை கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன் என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். இதில் வரும் கிழமைகளும் நேரங்களும் நினைவிலிருந்து எடுத்தவை அல்ல. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் மாணவரின் பெயருக்குக் கீழே இரண்டு வரி எழுதிவைப்பது என் பழக்கம். அந்தக் கொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. நான் இப்போது யார் வீட்டுக்கும் போய்ப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஏன் என்று கேட்கிறவர்களுக்கு முதுகு வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை பாடம். பள்ளிமுனையிலிருந்து ஸ்கூட்டியில் கால் மணித்தியாலம். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓயாத மாதம். தெருவில் நிற்கும் கழுதைகள்கூடக் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நிற்கும். மார்த்தா அக்காவின் வீடு சிறியது. முன்னால் ஒரு ஹோல். அதற்கும் உள் அறைக்கும் நடுவே கதவு இல்லை, நீலத் திரை ஒன்று மட்டும். ஹோலில் இரண்டு கதிரைகளும் தையல் மெசினும் இருக்கும்.

முதல் நாள் கட்டை பார்த்தேன். ஒவ்வொரு தொண்டைக்கும் ஒரு சுருதி உண்டு. அதைத்தான் கட்டை என்போம். அது கைரேகை மாதிரி, இலேசில் மாறாது. மார்த்தா அக்காவுக்கு நாலரைக் கட்டை. பயிற்சி செய்வதற்காக என் சுருதிப்பெட்டி ஒன்றை நாலரையில் வைத்து அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். பாட்டின் வரிகளை அவர் சொல்ல நான் எழுதினேன். மெட்டு என்னுடையது.

என் முறை பழைய முறை. நான் ஒரு வரி பாடுவேன். மாணவர் மூன்று தரம் திரும்பப் பாட வேண்டும். சரியாக வரும்வரை அடுத்த வரி இல்லை. பாடம் நடக்கும்போது நான் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்வேன்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒன்று தெரியும். கதிரையில் இருப்பது ஒரு மாணவர்தான். ஆனால் வீடு முழுவதும் படிக்கும். பள்ளிமுனையில் ஒரு வீட்டில் முற்றத்தில் மீன் வெட்டும் தகப்பன், மகனைவிட நன்றாகச் சரளி வரிசை பாடுவார். குசினிக்குள் இருந்து அம்மாமார் பாடுவார்கள். பிழையாகப் பாடினால் இருந்த இடத்திலிருந்தே அவர்களையும் திருத்திவிடுவேன். யார் என்று எட்டிப் பார்ப்பதில்லை. பிழையான சுருதி காதில் விழுந்தால் வாய் தானாகத் திருத்திவிடும்.

அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

மூன்றாவது பாடம். வியாழக்கிழமை. மாலை 6.10.

இரண்டாவது வரியைப் பாடிவிட்டுக் கண்ணை மூடியபடி காத்திருந்தேன். மார்த்தா அக்கா பாடினார். அவரோடு சேர்ந்து திரைக்குப் பின்னாலிருந்து இன்னொரு பெண்குரலும் பாடியது. இளங்குரல். நல்ல குரல். ஆனால் வரியின் நடுவில் சுருதியை விட்டு மேலே மேலே போனது.

“உள்ளுக்கு நிக்கிற ஆள், சுருதி மேல போகுது. பெட்டியைக் கேட்டுப் பாடுங்கோ. திரும்ப ஒருக்கா,” என்றேன்.



பிறகு திரைக்குப் பின்னால் அந்த வரி மறுபடி வந்தது. தனியாக. மெல்ல. இந்தமுறை சரியாக.

“ஆ… அதுதான். கெட்டிக்காரி.”

கண்ணைத் திறந்தேன். மார்த்தா அக்கா கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. தன்னை விட்டுவிட்டு மகளைப் புகழ்ந்தது பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

“மகளோ?” என்று கேட்டேன்.

அவர் “ம்…” என்றார்.

அன்று கொப்பியில் எழுதினேன்: ‘மகளுக்கும் ஆர்வம். குரல் மேல் சுருதி.’

ஐந்தாவது பாடத்துக்குப் போனபோது சுருதிப்பெட்டி ஐந்தரையில் இருந்தது.

“ஆர் மாத்தினது?”

“தெரியேல்லை, ரீச்சர்.”

நாலரைக்குத் திருப்பினேன். அடுத்த பாடத்துக்குப் போனேன். மறுபடி ஐந்தரை.

இதற்குள் அந்தக் குரல் மார்த்தா அக்காவை முந்தத் தொடங்கியிருந்தது. நான் வரியை முடித்ததும் முதலில் அதுதான் பாடும். அவர் பிறகுதான் பாடுவார். நானும் இரண்டு பேரையும் திருத்தினேன். உண்மையைச் சொன்னால், அந்தக் குரலைத் திருத்துவது எனக்குப் பிடித்திருந்தது. ஒருமுறை சொன்னால் போதும். அந்தப் பிழை பிறகு வராது.

ஆறாவது பாடம் முடியும் நேரம். 6.25.

“மார்த்தா அக்கா, கோவிக்காதேங்கோ. கிருசாந்தினியும் உங்களோட சேர்ந்து பாடினால் என்ன? கலியாணப் பொம்பிளை பாடக்கூடாதெண்டு சட்டம் இல்லைத்தானே.”

அவர் தையல் மெசினில் கிடந்த நூலை விரலில் சுற்றினார்.

“கிருசா கொழும்பில வேலை செய்யிறா, ரீச்சர். கலியாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கேக்கதான் வருவா.”

“அப்ப உள்ளுக்கு ஆர்?”

“ஒருத்தரும் இல்லை.”

சுருதிப்பெட்டி இரைந்துகொண்டிருந்தது.

திரைக்குப் பின்னால், நான் கடைசியாகச் சொல்லிக்கொடுத்த வரி கேட்டது.

எழுந்து போய்த் திரையை விலக்கினேன். எனக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஒரு அலுமாரி. ஒரு இரும்புக் கட்டில். கட்டிலின் மேல் கலியாணத்துக்கு வாங்கிய துணிகள், பைகளோடு. யன்னல் பூட்டியிருந்தது. அறையில் யாரும் இல்லை.

குரல் நிற்கவில்லை. நான் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, என் நெஞ்சு உயரத்தில், அந்த வரி முடியும்வரை கேட்டது.

கட்டிலில் உட்கார்ந்திருந்து பாடுகிற ஆளின் உயரம் அது.

ஸ்கூட்டிச் சாவியை இரண்டு தரம் கீழே போட்டுத்தான் எடுத்தேன். மார்த்தா அக்கா வாசல்வரை ஓடிவந்தார்.

“ரீச்சர், விட்டிட்டுப் போகாதேங்கோ. கிருசா என்னட்டை வேற ஒண்டும் கேக்கேல்லை.”

“அது ஆர், அக்கா?”

“தெரியாது.”

பொய் என்று அவருடைய கண்ணே சொன்னது. ஆனால் விடமாட்டேன் என்று சொன்னவள் நான். அடுத்த வியாழனும் போனேன். அந்தக் குரலைத் திருத்தக்கூடாது, காதிலேயே வாங்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

அது முடியவில்லை. பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பிழை வந்ததும் என் தலை ஆடியது. தலையாட்டல் போதுமாயிருந்தது. அடுத்தமுறை சரியாகப் பாடியது.

அப்படியென்றால் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கொப்பியில் மார்த்தா அக்காவின் பெயருக்குக் கீழே எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன். ஏழாவது பாடம்: ‘மூச்சு குறைகிறது.’ ஒன்பது: ‘மேல் ஸட்ஜம் எட்டவில்லை. போன வாரம் எட்டியது.’ பதினொன்று: ‘கம்மல்.’ பன்னிரண்டு: ‘காற்று மட்டும் வருகிறது.’

டொக்டரிடம் காட்டினோம். தொண்டையில் ஒன்றும் இல்லை, ஓய்வு எடுங்கள் என்றார். கலியாணத்துக்குப் பத்து நாள் இருந்தது.

அவர் குரல் குறையக் குறைய, மற்றக் குரல் வளர்ந்தது.

பன்னிரண்டாவது பாடத்தை என் போனில் பதிவு செய்தேன். பதிவை எடுத்துக்கொண்டு ரவுணில் கீபோர்ட் வகுப்பு நடத்தும் சியாமிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவன். அவனுடைய முறை வேறு. கீபோர்ட் கட்டைகளில் இலக்கம் ஒட்டி, பிள்ளைகளின் காதில் ஹெட்போனை மாட்டிவிடுவான். யாருடைய பிழையும் யாருக்கும் கேட்காது.

“வீடு வீடா அலையிறதை விட்டிட்டு இஞ்ச வாங்கோ அக்கா. ஏசி இருக்கு, பிளேன்ரீ இருக்கு, பேய் இல்லை,” என்றான். நான் எதையும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. வழக்கமான பகிடிதான்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். தலையை ஆட்டி இரசித்தான்.

“சோக்கான குரல். ஆர் இது?”

“தோட்டவெளியில படிக்கிற அக்கா.”

“என்ன வயசு?”

“நாற்பத்தெட்டு.”

“விசர்க் கதை. இது இருபத்தைஞ்சு வயசுக் குரல். சும்மா ஐந்தரையில நிக்குது.”

“ரெண்டு குரல் இருக்கும். கவனமாக் கேள்.”

“ஒண்டுதான் இருக்கு, அக்கா.”

ஹெட்போனை வாங்கிக் கேட்டேன். நான் ஒரு வரி பாடுகிறேன். அந்தக் குரல் திரும்பப் பாடுகிறது. நான் அடுத்த வரி பாடுகிறேன். அந்தக் குரல் பாடுகிறது.

போனுக்குப் பக்கத்தில் கை எட்டும் தூரத்தில் இருந்து காற்றோடு போராடிப் பாடிய மார்த்தா அக்கா, அந்தப் பதிவில் இல்லை. அவருடைய கம்மல் இல்லை. இருமல் இல்லை. கதிரை கிறீச்சிடும் சத்தம்கூட இருந்தது. அவர் இல்லை.

பதிவின் கடைசியில், 6.31க்கு, நான் ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் தூரத்தில் கேட்டது.

பதிவை நிறுத்த மறந்த போன் என் பையில்தான் இருந்தது. தூரத்தில் எப்படிக் கேட்கும்?

அதன் பிறகு யாரோ போனுக்கு மிக அருகில் மூச்சு விட்டார்கள். பாடத் தொடங்கினார்கள். பாட்டின் கடைசி வரி. அந்த வரிக்கு நான் பாடத்துக்கு முந்திய இரவுதான் என் வீட்டில், மனத்துக்குள் மெட்டுப் போட்டிருந்தேன். யாருக்கும் பாடிக் காட்டவில்லை.

அன்று பின்னேரம் சியாமிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ‘என்ர கொம்பியூட்டரில கொப்பி ஆகியிருந்ததை அழிச்சிட்டன். நீங்களும் அழியுங்கோ அக்கா. நான் வகுப்பைப் பூட்டிப்போட்டு வந்து ரெண்டு மணித்தியாலமாச்சு. இன்னும் காதுக்குள்ள பாடுது.’

அடுத்த இரண்டு பாடங்களுக்கும் நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன்.

கலியாணத்துக்கு முந்திய வியாழன்.

காலையில் மார்த்தா அக்காவின் போனிலிருந்து மெசேஜ். ‘குரல் முழுக்கப் போயிட்டுது. மூண்டு நாளாச்சு. கிருசா இண்டைக்குப் பின்னேரம் வாறா. ஒருக்கா வாங்கோ ரீச்சர்.’

பாட்டைப் பாடகர் குழுவிடம் கொடுத்துவிடலாம் என்று சொல்லவே போனேன். அதோடு அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை.

5.50க்குப் போய்ச் சேர்ந்தேன். சொன்னேன். மார்த்தா அக்கா தலையாட்டினார். அழவில்லை. மெசின் மேல் இருந்த தையல் அளவுக் கொப்பியையும் பென்சிலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

6.12. கரண்ட் போனது.

போன் லைற்றைப் போட்டுக் கதிரையில் வைத்தேன். வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் எரிந்து அணைந்தன.

சுருதிப்பெட்டி தானாக இரையத் தொடங்கியது. பற்றரியில் வேலை செய்யும் பெட்டி அது. நாலரை.

நாங்கள் இருவரும் அதைத் தொடவில்லை.

ஐந்து.

ஐந்தரை.

அங்கே நின்றது.

“அக்கா, இனியாவது சொல்லுங்கோ. அது ஆர்?”

அவர் எழுதத் தொடங்கினார். பென்சில் கீறும் சத்தம். எழுதி எழுதி என் பக்கம் திருப்பினார்.

‘திரேசம்மா. என்ர அக்கா. கோயில்ல பாடினவ. அவட குரல் எண்டு முதல் நாளே தெரியும்.’

“ஏன் சொல்லேல்லை?”

‘சொன்னா நீங்கள் வரமாட்டியள். இருபத்தாறு வருசத்துக்குப் பிறகு கேட்டனான். நிப்பாட்ட மனம் வரேல்லை.’

பிறகு:

‘நீங்கள் திருத்தினீங்கள். அதுக்குப் பிறகுதான் அவ ஒவ்வொரு நாளும் வந்தவ.’

நான் திரைப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

‘அக்கா செத்தது அந்தக் கட்டில்ல. தொண்டை வீங்கி. அப்ப சண்டை, பாதை பூட்டு. வெளிய கொண்டுபோக வழி இல்லை. கடைசி மூண்டு நாளும் அவவுக்குக் குரல் இல்லை.’

மூன்று நாள். காலையில் வந்த மெசேஜிலும் மூன்று நாள் என்றுதான் இருந்தது.

பென்சில் நின்றது. மறுபடி கீறியது.

‘ரீச்சர், கிருசா நான் பெத்த பிள்ளை இல்லை.’

‘அக்காட பிள்ளை. அப்ப பதினொரு மாசம். தகப்பன் கடலுக்குப் போய் வரேல்லை.’

‘மூண்டு நாளும் அக்கா பிள்ளைப் பக்கம் கையை நீட்டி வாயை அசைச்சவ. சத்தம் வரேல்லை. நோய் தொத்திப்போடும் எண்டு நான் பிள்ளையைக் கிட்டக் கொண்டுபோகேல்லை. என்ன கேக்கிறா எண்டு எனக்கு விளங்கினது. விளங்காத மாதிரி நிண்டிட்டன்.’

6.34.

திரைக்குப் பின்னால் பாட்டுத் தொடங்கியது.

முதல் வரியிலிருந்து. முழுப் பாட்டும்.

நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் மூச்சு. சொல்லிக்கொடுத்த இடத்தில் நீட்டம். ஆறு கிழமையாக நான் திருத்திய ஒவ்வொரு பிழையும் திருந்தி இருந்தது. ஒரு சுருதி விலகவில்லை. என்னிடம் படித்த யாரும் அப்படிப் பாடியதில்லை.

அழகாக இருந்தது. அதுதான் பயங்கரம். எழுந்து ஓட என்னால் முடியவில்லை.

கடைசி வரி முடிந்தது.

சுருதிப்பெட்டி நின்றது.

காற்றும் நின்றது. செப்டம்பரில்… சோளகம் நின்றது.

6.41.

வெளியே ஓட்டோ ஒன்று வந்து நிற்கும் சத்தம். கேற் திறக்கும் சத்தம். பை தரையில் உரசும் சத்தம்.

“அம்மா! கரண்ட் இல்லையே? நான் வந்திட்டன்!”

மார்த்தா அக்கா எழுந்தார். வாயைத் திறந்தார். வராதே என்று கத்தப் பார்த்தார்.

காற்று மட்டும் வந்தது.

நான் கத்தினேனா? தெரியாது.

செருப்புக் கழற்றும் சத்தம். ஒன்று. இரண்டு.

திரை அசைந்தது. உள்ளே இருந்து.

அதுவரை அந்தக் குரல் நான் சொல்லிக்கொடுத்த பாட்டைத் தவிர வேறொன்றையும் வாயில் எடுத்ததில்லை. ஒரு சொல்கூடப் பேசியதில்லை. இப்போது பேசியது. எனக்கும் மார்த்தா அக்காவுக்கும் நடுவில்… மிக மெல்ல… கெஞ்சுவது போல.

“பிள்ளையைத் தா, தங்கச்சி… ஒருக்காப் பாடிப்போட்டுத் தாறன்.”